பின்னிருசைத் திருத்திய லூயி ரெனோ

பண்டைத் தமிழகத்தில் உப்பு விற்கும் உமணர், கடற்கரையினின்று உள்நாடு நோக்கித் தம் வண்டிகளை ஓட்டிச் செல்லுங்கால், வண்டியின் அடிமரத்தில் வேறோர் அச்சினையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு செல்வர். பள்ளத்தில் இறங்கியும் மேட்டில் ஏறியும் செல்லும் நெடுவழியில், பாரம் மிக்க வண்டிக்கு என்ன நேருமோ என்னும் எண்ணத்தால் அங்ஙனம் செய்தனர். அவ்வுதவி அச்சிற்குச் சேம அச்சு என்று பெயர். ஔவையார் பொகுட்டெழினியைப் பாடிய புறப்பாட்டில் அவனுக்கு அதனையே உவமையாக்கினார் என்பதைத் தமிழ் மாணாக்கர் அறிவர். முறிந்த அச்சைக் கழற்றி நல்ல அச்சை மாட்டும் வேலை எத்துணைப் பழமையானது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மாட்டு வண்டியின் இருசை மாற்றுதல் எளிது. அவ்விருசு அசையாது நிற்பது. சக்கரங்களே அதன்மேற் சுழல்வன. கடையாணியைப் பிடுங்கினாற் சக்கரம் கையோடு வந்துவிடும். மோட்டார் வண்டியின் பின்னிருசோ அத்தகையதன்று. அது பாரத்தைத் தாங்குவதோடு தன்னுள்ளே சுழலும் தண்டுகளைக்கொண்டு சக்கரங்களையும் சுழற்றல் வேண்டும். வண்டியின் முன்னே இருக்கும் இயந்திரத்தின் ஆற்றல், பின்னே இருக்கும் அவ்விருசை எவ்வாறு சென்று சேர்வது என்னும் வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் பொறியாளர் பலரை வருத்திற்று. அவ்வினாவிற்குத் தம் இருபத்தோராம் வயதில் நல்லதொரு விடை கண்டு, அதனாற் பெருந்தொழிலதிபராகி, இறுதியிற் சிறைப்பட்டு இறந்த ஒருவருடைய வரலாற்றை யாம் ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் லூயி ரெனோ என்பவர். நம் தெருக்களில் ஓடும் வண்டிகளில் அப்பெயரைக் காண்போர் ரெனால்ட் என்று எழுத்துக்கு எழுத்து ஒலிப்பர்; பிரெஞ்சுக்காரரோ ஈற்றெழுத்துக்களை எழுதுவரேயன்றி ஒலியார். குற்றியலுகரத்தோடு பழகிய நமக்கு இதனில் வியப்பொன்றும் இல்லை.

லூயி 1877ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் துணியும் பொத்தானும் விற்றுப் பொருளீட்டிய வணிகர். பெர்னான், மார்சேல் என்னும் தமையன்மார் இருவரும் குடும்பத் தொழிலில் மனம் வைத்தனர். இளையவருக்கோ ஏட்டுக்கல்வியும் ஏறவில்லை, கடையும் பிடிக்கவில்லை. செர்ப்பொல்லே என்பவர் நீராவி வண்டி செய்துகொண்டிருந்த பட்டறையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. புகைவண்டி இயந்திரத்தின் கரித்தொட்டியில் ஒருமுறை ஒளிந்துகொண்டு பயணம் செய்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அஃது அவர் இயல்புக்கு ஒத்த கதையே. உயர்ந்த பொறியியற் கல்லூரியொன்றின் நுழைவுத் தேர்வில் அவர் தேறவில்லை. தேர்வையே நினைந்து உறங்காதிருக்கும் நம் தோழர் சிலர்க்கு இச்செய்தி ஆறுதல் அளிக்கக்கூடும். ஆயினும், தேர்விற் கழியாத அவருடைய பொழுதெல்லாம் அரமும் சுத்தியலுமாகவே கழிந்தது என்பதையும் உடன் கூறிவிடுதல் முறை.

பாரிசின் மேற்புறத்தே சேன் ஆற்றங்கரையில் உள்ளது பியாங்கூர். அங்கே ரெனோ குடும்பத்தார்க்குத் தோட்டத்தோடு கூடிய வீடொன்று இருந்தது. அத்தோட்டத்தின் மூலையில் இருந்த மரக்குடிலைத் தம் பட்டறையாக ஆக்கிக்கொண்டார் லூயி. 1898ஆம் ஆண்டில், தெ தியோன் பூத்தோன் என்னும் நிறுவனத்தார் செய்த முச்சக்கர மோட்டார் வண்டியொன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதனைப் பெற்ற பிறர் ஏறி ஓட்டி மகிழ்ந்திருப்பர். இவரோ அதன் சிறிய இயந்திரத்தைப் பயன்கொண்டு நாற்சக்கர வண்டியொன்றைத் தாமே அமைக்கத் தொடங்கினார். இயந்திரத்தை முன்னே வைத்தார். ஆற்றலைப் பின்னே கொண்டு செல்லவேண்டிய இடத்திலேதான் அவருடைய அறிவின் கூர்மை வெளிப்பட்டது.

அக்காலத்து மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் சைக்கிளைப் போலச் சங்கிலியாலேனும், தோல் வாராலேனும் பின் சக்கரங்களைச் சுழற்றின. சங்கிலி ஓசையிடும், புழுதியும் சேறும் படிந்து தேயும், நடுவழியில் அறும். வாரோ மழையில் நழுவும். லூயி இவ்விரண்டையும் நீக்கி, வண்டியின் நீளத்திற்கு ஓர் இரும்புத் தண்டினை ஓடவிட்டார். அத்தண்டின் கோடியில் ஒரு சிறு பற்சக்கரம். அது பின்னிருசின் நடுவே உள்ள பெரிய பற்சக்கரத்தோடு செங்கோணமாகக் கூடிச் சுழல்வது. பாதையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப இருசு எழுந்து தாழுமாதலின், தண்டு முறியாதபடி அதனில் வளைந்து கொடுக்கும் மூட்டுக்களும் உண்டு. அம்மூட்டுக்கு, பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்தானோ என்னும் இத்தாலிய அறிஞரின் பெயர் வழங்குகிறது.

இருசின் நடுவே வேறொரு நுட்பமும் வேண்டும். வண்டி வளைவில் திரும்புங்கால் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தினும் மிகுதியான தூரம் செல்லவேண்டும். மாட்டு வண்டியிற் சக்கரங்கள் தனித்தனியே சுழல்வன ஆதலின் தொல்லையில்லை. இரண்டும் ஒரே தண்டிற் பிணைக்கப்பட்டால் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே வரும். இத்தொல்லையைத் தீர்ப்பது டிபரென்ஷியல் என்று மோட்டார்த் தொழிலாளர் வழங்கும் பற்சக்கரக் கூட்டு. பெக்கேர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1820களின் இறுதியிலேயே நீராவி வண்டிக்காக இதற்கு உரிமை பெற்றிருந்தார். ஆகவே தண்டும், மூட்டும், டிபரென்ஷியலும் லூயி புதிதாகப் படைத்தவை அல்ல. அவற்றையெல்லாம் ஒரு சிறு வண்டியில் ஒழுங்குறப் பொருத்தியதும், அதனோடு வேகமாற்றிப் பெட்டியில் ஒரு புதுமை செய்ததுமே அவருடைய பெருமை.

அப்புதுமையாவது: வண்டிக்கு முன்னோக்கிய வேகங்கள் மூன்று. முதல் இரண்டிலும் ஆற்றல் பற்சக்கரங்களின் வழியே சுற்றிச் செல்லும். மூன்றாவதாகிய உயர்ந்த வேகத்திலோ, இயந்திரத்தினின்று வரும் தண்டும் இருசுக்குச் செல்லும் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரே தண்டேபோற் சுழலும். இடையே பற்சக்கர உராய்வு இல்லை, ஆற்றல் வீணாதல் குறைவு, ஓசையும் அடங்கும். நெடுவழியில் வண்டி பெரும்பாலும் உயர்ந்த வேகத்திலேயே செல்லுமாதலின் இதன் பயன் பெரிது.

1898ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இரவு, கிறிஸ்து பிறப்புத் திருநாளின் முன்னிரவில், நண்பர் கூட்டத்திற்கு லூயி அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். மொன்மார்த்தர்க் குன்றின் மேலேறும் லெப்பிக் தெரு நூறு அடிக்குப் பதின்மூன்று அடி உயரும் செங்குத்தான தெரு. இயந்திரமோ ஒன்றேமுக்காற் குதிரைச் சக்தியே உடையது. அச்சிறு வண்டி அத்தெருவில் தயங்காது ஏறிற்று. அவ்விரவே பன்னிரண்டு பேர் அத்தகைய வண்டி தமக்கும் வேண்டுமென்று முன்பணம் கொடுத்தனர். 1899ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் வேகமாற்றிப் பெட்டிக்குக் காப்புரிமை பதிவாயிற்று. ரெனோ சகோதரர் என்னும் பெயரால் நிறுவனமும் தோன்றிற்று. அதற்கு மூலதனம் இட்டவர் தமையன்மார் இருவருமே. தம்பி கைத்திறனை இட்டார். பிற வண்டித் தொழிலாளர் பலர் அவர் அமைப்பைப் பார்த்துச் செய்தபொழுது, பல்லாண்டு வழக்காடித் தமக்குரிய தொகையைப் பெற்றார். விட்டுக்கொடுத்தல் என்பது அவர் இயல்பில் இல்லை.

ஈண்டுச் சற்றே நின்று, அவ்வமைப்பு எத்துணை நிலைபெற்றது என்பதைக் காணலாம். இன்று பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோர் பின்னிருசை மாற்றும் முறையைப் பார்த்தால், அவர் தொட்டுச் செல்லும் உறுப்புக்கள் பெரும்பாலும் லூயி குடிலிற் பொருத்தியவையே. முன்சக்கரங்களுக்கு அண்டைக் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, சட்டத்தின் கீழ் முட்டு நிறுத்துவர். பின்னர்த் தண்டின் மூட்டைக் கழற்றுவர். சில வண்டிகளில் தண்டு ஒரு குழாய்க்குள் அடங்கியிருக்குமாதலின் வேலை மிகும். தடைக்கோல்களை விடுத்து, கமான் பட்டைகளோடு இருசைப் பிணைக்கும் வளையாணிகளைத் தளர்த்தினால் இருசு முழுதும் கீழே இறங்கிவிடும். துருவேறிய ஆணிகளோடு போராடுவதற்கே பாதி நாள் போய்விடும் என்பர். புதிய இருசை ஏற்றுதற்கு முன் பார்க்கவேண்டியது பற்களின் எண்ணிக்கை. சிறு சக்கரத்திற்குப் பத்துப் பல்லும் பெரிய சக்கரத்திற்கு நாற்பது பல்லும் இருப்பின், தண்டு நான்கு முறை சுழன்றால் வண்டிச் சக்கரம் ஒருமுறை சுழலும். பெரிய சக்கரத்திற்கு ஐம்பது பல் உள்ள இருசை மாட்டிவிட்டால் அவ்வண்டி மேட்டில் எளிதாக ஏறும். சமவெளியிலோ இயந்திரம் அலறினாலும் வேகம் பிறவாது. இரு சக்கரங்களும் கூடும் இறுக்கமும் மயிரிழை தவறலாகாது. மிக நெருங்கின் சூடேறிக் கெடும். மிக விலகின் பற்கள் ஒன்றையொன்று மோதி ஊளையிடும்.

சகோதரர் மூவருள் மார்சேல் தம்பியோடு மிக நெருங்கியவர். வண்டி விற்பதற்குப் பந்தயத்தில் வெல்வதே அந்நாளிற் சிறந்த விளம்பரம். எனவே இருவரும் தாமே வண்டியேறினர். 1902ஆம் ஆண்டில் பாரிசினின்று வியன்னா வரை நடந்த பந்தயத்தில், தம்மினும் ஆற்றல் மிக்க வண்டிகளையெல்லாம் பின்னிட்டு மார்சேல் முதல்வராக வந்தார். ஆல்ப்ஸ் மலைவழிகளில் எடை குறைந்த ரெனோ வண்டியே வலிய வண்டிகளினும் நன்கு தாங்கிற்று. அடுத்த ஆண்டு மே 24ஆம் நாள், பாரிசினின்று மாட்ரிட் செல்லும் பந்தயம் தொடங்கிற்று. வழியெங்கும் மக்கள் திரள்; பாதையெங்கும் புழுதிப் படலம். முன் செல்லும் வண்டியைப் பின் வருவோர் காணவியலாத நிலை. லூயி எல்லாரினும் முன்னராகப் பொர்தோ நகரை அடைந்து தமையனுக்காகக் காத்திருந்தார். தமையன் வரவில்லை, செய்தியே வந்தது. பொவாத்தியே நகருக்குத் தெற்கே வண்டி புரண்டு, மார்சேல் நினைவிழந்து கிடந்தார். சின்னாட்களில் அவர் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தொன்று. அப்பந்தயத்தில் உயிரிழந்தோர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். காண வந்தோரும் மாண்டனர். அரசாங்கத்தார் பொர்தோவிலேயே பந்தயத்தை நிறுத்திவிட்டனர். அதன்பின் லூயி எந்நாளும் பந்தய வண்டியில் ஏறவில்லை.

1909ஆம் ஆண்டில் பெர்னானும் நோயால் இறந்தார். முப்பத்திரண்டு வயதில் லூயி தனியராய், பெரிய தொழிற்சாலையொன்றிற்குத் தலைவரானார். சொல்வன்மை அவருக்கு இளமை முதலே இல்லை. சபையிற் பேச நாணுவார். தொழிலாளியின் கையில் உள்ள கருவியை வாங்கித் தாமே செய்து காட்டுவதில் வல்லவர். அவரிடம் அன்பு கொண்டவர் சிலர், அஞ்சியவர் பலர். அமெரிக்கா சென்று ஹென்றி போர்டின் தொழிற்சாலையைக் கண்டு திரும்பினார். வேலையைக் கடிகாரம் வைத்து அளக்கும் முறையைத் தம் ஆலையிற் புகுத்த, 1913ஆம் ஆண்டில் தொழிலாளர் வாரக்கணக்காக வேலைநிறுத்தம் செய்தனர். லூயி இறங்கி வரவில்லை. பற்சக்கரத்தின் இறுக்கத்தை மயிரிழை அளவில் உணர்ந்த அவர், மனிதரிடையே எத்துணை இடைவெளி வேண்டும் என்பதை உணர்ந்திலர் என்றே யாம் எண்ணுகின்றோம்.

புகழ் வளர்ந்துகொண்டே சென்றது. 1906ஆம் ஆண்டில் லெமான் நகரருகே நடந்த முதல் கிராண்டு பிரீ பந்தயத்தில், சிஸ் என்னும் ஹங்கேரியர் ரெனோ வண்டியில் வென்றார். பாரிஸ் வாடகை வண்டிகளிற் பல ரெனோ செய்தவை. 1914ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மானியப் படை பாரிசை நெருங்கியபொழுது, தளபதி கலியெனி நகரத்து வாடகை வண்டிகளைத் திரட்டி மார்ன் ஆற்றுப் போர்முனைக்கு வீரரை அனுப்பினார். ஏறக்குறைய 600 வண்டிகள். அவற்றுட் பெரும்பாலானவை ரெனோவின் வண்டிகள். அவ்வண்டிகளாலேயே போர் வெல்லப்பட்டது என்பது மிகை. ஆயினும் மக்கள் உள்ளத்தில் அவை காவிய நாயகர்களாகிவிட்டன. 1917ஆம் ஆண்டிற் செய்யத் தொடங்கிய எப்டி என்னும் சிறு கவச வண்டி, மேலே முழுதும் சுழலும் பீரங்கிக் கூண்டோடு அமைந்து, பின்வந்த கவச வண்டிகளுக்கெல்லாம் மாதிரியாயிற்று. போர் முடிந்தபொழுது லூயி தம் நாட்டைக் காத்தவருள் ஒருவராகப் போற்றப்பெற்றார்.

போருக்குப் பின் ஆந்திரே சித்ரோயென் என்பவர் அவருக்கு எதிரியாக எழுந்தார். சித்ரோயென் 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட வண்டியில் இயந்திரம் முன்சக்கரங்களையே சுழற்றிற்று. நீண்ட தண்டும் இல்லை. பற்சக்கரம் கொண்ட பின்னிருசும் இல்லை. பின்புறம் வெறுஞ்சுமைதாங்கியாய் நின்றது. ஒருவாறு நம் மாட்டு வண்டியின் இருசு நிலைக்கே அது திரும்பிவிட்டது எனலாம். புதுமைக்குச் செலவிட்ட பெரும்பொருளால் சித்ரோயென் நிறுவனம் அவ்வாண்டே நொடித்தது. அடுத்த ஆண்டு அவரும் மறைந்தார். லூயியோ தாம் அறிந்த முறையை விடவில்லை. சேன் ஆற்றின் நடுவே உள்ள செகேன் தீவு முழுவதையும் ஆலையாக்கி, அங்கே பழைய முறையில் வண்டிகளைச் செய்தார். இளமையிற் சங்கிலியைக் கழற்றி எறிந்தவர், முதுமையில் தம் தண்டைக் கழற்ற மனம் கொள்ளவில்லை.

1940ஆம் ஆண்டில் பிரான்சு வீழ்ந்தபொழுது, லூயி கவச வண்டிகள் வேண்டி அமெரிக்கா சென்றிருந்தார். திரும்பி வந்து பார்க்கையில் ஆலை ஜெர்மானியர் மேற்பார்வையில் இருந்தது. நான்காண்டுகள் அங்கே வேலை நடந்தது. ஜெர்மானியருக்கென அவ்வாலை கொடுத்த லாரிகள் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவை. 1942ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் இரவு ஆங்கிலேய விமானங்கள் பியாங்கூர்மேற் குண்டு பொழிந்தன. ஆலையும் சிதைந்தது, சுற்றியுள்ள வீடுகளில் வாழ்ந்த ஏழை மக்கள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். லூயி இடிபாடுகளை அகற்றி ஆலையை மீண்டும் கட்டினார். அந்நாளில் அவருக்கு நாக்குழறும் நோயும் முற்றியிருந்தது.

பாரிஸ் விடுதலை பெற்றதும், பகைவர்க்கு உதவினார் என்னும் குற்றச்சாட்டின்மேல் 1944ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அவர் சிறைப்படுத்தப்பட்டார். பிரேன் சிறையில் அவர் உடல் விரைவில் நலிந்தது. மருத்துவ மனைக்கு மாற்றப்பட்டு, அக்டோபர் 24ஆம் நாள் இறந்தார். சிறையில் அவர் துன்புறுத்தப்பட்டார் என்று குடும்பத்தார் கூறினர். அதுபற்றிய வழக்குரைகள் நெடுங்காலம் நடந்தும் முடிவு எய்தவில்லை. 1945ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் தெ கோல் அரசாங்கம் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கிற்று. லூயியின் பங்குகளுக்கு இழப்பீடு இல்லை. நீதிமன்றத்தில் அவர்மீது விசாரணையே நடைபெறவில்லை. 2011ஆம் ஆண்டில் அவருடைய பேரப்பிள்ளைகள் வழக்குத் தொடுத்தனர். அதனை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லையென்று பாரிஸ் நீதிமன்றம் 2012இல் கூறிவிட்டது.

அவர் செய்தது தகுமோ என்பதைப் பற்றி யாம் நண்பர் சிலரோடு சொற்போர் நிகழ்த்தியதுண்டு. ஆலையை மூடியிருந்தால் பொறிகளும் தொழிலாளரும் ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டிருப்பர் என்பது ஒரு கட்சி. அஃது எளிதில் தள்ளத்தக்கதன்று. தொழிலாளர் குடும்பங்களின் சோறு அதனில் அடங்கியிருந்தது. ஆயினும் அம்முப்பதாயிரம் லாரிகளும் வெற்றிடத்தில் ஓடவில்லை. அவர் நாட்டை மிதித்த படைக்கே உணவும் குண்டும் சுமந்தன. ஆலை ஓடுகிறதா என்பதையே வாழ்நாள் முழுதும் பார்த்த ஒருவர், யாருக்காக ஓடுகிறது என்பதைப் பார்க்கத் தவறினார் என்பதே எம் கருத்து. அதனோடு, குற்றவாளி என்று தீர்ப்பு எழுதப்படாத ஒருவரின் பொருளை அவர் இறந்தபின் கைக்கொண்ட அரசும் முறை தவறிற்று என்றே கூறுவோம். ஒரு தவறு மற்றொன்றை ஈடுசெய்யாது என்று நண்பர் கட்சியினர் எமக்கே மறுமொழி தந்தனர்; அவ்வளவில் சொற்போர் முடியாமலே நின்றது.

நோர்மாந்தி நாட்டு எர்க்வில் என்னும் சிற்றூரில், தாம் விரும்பி வாங்கிய பண்ணைக்கு அருகே அவர் அடக்கம் செய்யப்பெற்றார். தோட்டத்து மரக்குடில் ஆலையின் நடுவே நெடுங்காலம் பேணப்பட்டது. செகேன் தீவின் ஆலை 1992ஆம் ஆண்டில் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. நிறுவனம் 1996ஆம் ஆண்டில் மீண்டும் தனியார் கைக்கு மாறிற்று. 2010ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் அவர் பெயர் தாங்கிய ஆலையொன்று திறக்கப்பட்டது.

அவர் மறைந்தபின் 1946ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த முதற் புதிய ரெனோ வண்டியைப் பற்றியும் ஒரு சொல். ஜெர்மானியர் தடையை மீறி, போர்க்காலத்தில் மறைவாக வரையப்பட்டது அது. அதனை வரைந்தோருள் ஒருவர் எதுமோன் செர். ஏறக்குறைய ஐம்பதாண்டுக்கு முன், பதினாறு வயதுச் சிறுவனாக வந்து லூயியின் முதல் வேகமாற்றிப் பெட்டிக்குப் படம் வரைந்தவர். அப்புதிய வண்டி பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. அதன் இயந்திரம் பின்சக்கரங்களின் அருகிலேயே அமைந்திருந்தது. வண்டியின் நீளத்திற்கு ஓடும் தண்டு அதனில் இல்லை.